ஆடி 1, கல்யாணம் காலை, காரியம் ராத்திரி

தட்டை உள்ளே தள்ளியதும் கணினி கேட்கிறது: கலைஞர் யார்? ஆல்பம் எது? எந்த ஆண்டு? எந்த வகை? நான்கு கட்டங்கள் காலியாக நிற்கின்றன. தட்டின் மேல் அப்பா நீல ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருப்பது ‘ஆடி 1’ என்று மட்டும். அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

எட்மன்டனில் இந்த வேலையை 2024 பிப்ரவரியில் தொடங்கினேன். வெளியே மைனஸ் 28 டிகிரி. பேஸ்மென்ட் அலமாரியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கணினி, அதோடு 2 டெராபைட் டிஸ்க், அதில் நேவிட்ரோம் என்றொரு மென்பொருள். சி.டி.யில் இருப்பதை ஒரு துளி குறையாமல் ஃபிளாக் கோப்பாக இறக்கி இதில் வைத்துவிட்டால் போதும். சமையலறையில், காரில், பனியில் நிற்கும் பஸ் நிறுத்தத்தில், எங்கே கைபேசியைத் தொட்டாலும் அப்பாவின் பாட்டுகள் வரும். வேலை முடிந்து வந்து தினம் நாலு தட்டு, ஐந்து தட்டு. ஒரு தட்டுக்குப் பத்து நிமிடம். கீறல் இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும்.

மொத்தம் 412 தட்டுகள். 2023 ஜனவரியில் ஊருக்குப் போனபோது டப்பாக்களை விட்டுவிட்டு, தட்டுகளை மட்டும் அம்மாவின் பழைய புடவையில் சுற்றி எடுத்து வந்தேன். ஒரு சி.டி.யின் எடை 16 கிராம்தான். 412 சேர்ந்தால் ஆறரைக் கிலோ. அந்த ஆறரைக் கிலோவுக்காக அம்மா அரைத்துக் கட்டிய மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா மைக் செட்காரர். பகலில் மணலி உரத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஷிப்ட் முடிந்தால் மைக் செட். எங்கள் சடையங்குப்பத்தில் விசேஷம் என்றாலும் எர்ணாவூரில், மணலி புதுநகரில் விசேஷம் என்றாலும் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபையர், நாலு குழாய், இரண்டு பாக்ஸ், இரண்டு மைக், ஒரு எக்கோ பெட்டி, சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டிய ஒயர்ச் சுருள்கள். முதலில் ரிக்கார்டு போட்டார், பிறகு கேசட், 2000க்குப் பிறகு சி.டி. ஒரு பழைய டிவிடி பிளேயரின் முதுகிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்.

கூட நின்று தட்டு எடுத்துக் கொடுத்தது நான். “பொம்பளப் புள்ளைக்கு மைக் செட்டாண்ட இன்னா வேல?” என்று தெருவில் கேட்டார்கள். அப்பா ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: “அதுக்குக் காது கீது.” அதன்பிறகு நான் வாங்கிய பட்டம், சம்பளம், இந்த ஊரின் குடியுரிமை எதுவும் அந்த மூன்று சொல்லுக்குப் பக்கத்தில் வரவில்லை.

அவர் அதிகம் பேசமாட்டார். “அண்ணே, சத்தம் பத்தல” என்று பந்தலிலிருந்து யாராவது கத்தினால் பதில் வராது. திருகு திரும்பும், சத்தம் ஏறும். அதுதான் பதில்.

பாட்டைப் பாடியவர் பெயரால் அப்பா அடுக்கி வைத்ததில்லை. வேளையால் அடுக்கினார். ஆடி 1, ஆடி 2, கல்யாணம் காலை, ரிசப்ஷன், காதுகுத்து, மஞ்சள் நீர், மாதா கோயில், நாகூர், காரியம் ராத்திரி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு வந்த விதி. அப்பா அதைச் சாமி வாக்கைப்போலக் காத்தார். ஆடி ஞாயிறு, மணி ஆறு அடித்ததும் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார். ஆறரைக்கு எல்.ஆர். ஈஸ்வரி. ஈஸ்வரியின் குரல் குழாயில் ஏறினால் கோயில் பக்கம் அடுப்பு பற்றும், கேழ்வரகு மாவைக் கரைத்து ஊற்றுவார்கள், முருங்கைக்கீரை உருவ நாலு பெண்கள் முற்றத்தில் உட்கார்வார்கள், குளிக்காத பிள்ளைகளை இழுத்துப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். உச்சி வெயிலுக்கு டி.எம்.எஸ்ஸின் முருகன். அந்த நேரம் கூழ் ஊற்றி முடிந்திருக்கும். கந்தூரி என்றால் நாகூர் ஹனிபா, டிசம்பர் என்றால் மாதா கோயில் தட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே தகரப் பெட்டி, ஒரே ஆம்ப்ளிஃபையர், துடைக்க அப்பாவின் ஒரே துண்டு.

எந்த வேளையிலும் எந்தப் பாட்டையும் கேட்கலாம் என்பதுதான் என் பேஸ்மென்ட் சர்வரின் பெருமை. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வேலையிடத்தில் ரொட்டி தின்றுகொண்டே, ஈஸ்வரியைப் போட்டுப் பார்த்தேன். அதே குரல். குழாயில் கேட்டதைவிடத் துல்லியம், மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஆனால் எங்கேயும் அடுப்பு பற்றவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்.

என் ஆயா ரங்கூனிலிருந்து வந்தவள். 1964-ல் அங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிச் சென்னைக்கு வந்த எத்தனையோ குடும்பங்களில் ஒன்று எங்களுடையது. பர்மா நகர் என்றே ஒரு பகுதி சடையங்குப்பத்தில் இருக்கிறது. பீச் ஸ்டேஷனுக்கு எதிரே 1969-ல் அப்படி வந்தவர்களுக்காக ஏற்பட்டதுதான் பர்மா பஜார், அப்பா சி.டி. வாங்கியதும் அங்கேதான். ஆயா ரங்கூன் வீட்டில் விட்டுவிட்டு வந்த கிராமபோனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிராமபோனைப் பற்றிப் பேசமாட்டாள். அது ஓடிய திண்ணையைப் பற்றிப் பேசுவாள், திண்ணையில் விழுந்த வெயிலைப் பற்றி, அந்த வெயில் நேரத்தில் வந்து உட்கார்ந்த ஆட்களைப் பற்றி. பெட்டியைச் சொல்லு ஆயா என்று நச்சரிப்பேன். சொன்னதுதான் பெட்டி என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

சி.டி.யைப் பற்றி இந்தக் குளிர்காலத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். பாட்டு சி.டி.க்குள் பெரும்பாலும் பாட்டின் பெயர் இருப்பதில்லை. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கி 1982-ல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து அதில் இருப்பது ஒலியும், எந்தப் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கணக்கும்தான். கணினி அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மியூசிக்பிரைன்ஸ் போன்ற பொதுப் பட்டியல்களில் ஒப்பிட்டுப் பார்த்துப் பெயர் சொல்கிறது. தூரத்தில் வருகிறவரை நடையை வைத்தே இன்னார் என்று சொல்வோமே, அதுபோல. 1991-ன் ‘தளபதி’யையும் 1992-ன் ‘ரோஜா’வையும் உடனே சொல்லிவிட்டது. பர்மா பஜாரில் வாங்கிய, ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு திணித்த எம்பி3 சி.டி.க்களைத் தெரியாது என்றது. அப்பா ஊரில் எழுதி வாங்கிய தட்டுகளையும் தெரியாது என்றது. டிராக் 01. டிராக் 02. டிராக் 03. கலைஞர்: அறியப்படாதவர்.

‘கல்யாணம் காலை’யில் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் நாதஸ்வரம். மூன்றாவது பாட்டில், வாசிப்பு மேலே ஏறும் இடத்தில், ஒரு கீறல். தட்டு அங்கே வந்ததும் திக்கும். ஒரே துண்டு ஸ்வரம் திரும்பத் திரும்ப வரும், பந்தலில் இருப்பவர்கள் தலையைத் திருப்புவார்கள், அப்பா பிளேயரின் மூடியை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டுவார். பாட்டு தாண்டி ஓடும். பிறகு பழகிவிட்டார், திக்குவதற்கு முன்பே அவர் விரல் மூடிக்கு மேலே வந்து காத்திருக்கும். தாலி கட்டும் நேரம் அந்த இடம் வந்துவிடக் கூடாதே என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சி.டி.யில் ஒலியோடு சேர்த்துப் பிழை திருத்தும் எண்களும் பதிந்திருக்கின்றன. அவசரமாக ஓடும் பிளேயர் விட்டுவிடுவதை, கணினியில் தட்டைப் படிக்கும் மென்பொருள் நின்று, திரும்பப் போய், மறுபடி மறுபடி படித்து எடுக்கிறது. நாற்பது நிமிடம் முனகிவிட்டு அந்த மூன்றாவது பாட்டை முழுசாகக் கொடுத்தது. போட்டுக் கேட்டேன். அந்த இடம் வந்தது. வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அப்பாவின் விரலுக்கு அங்கே வேலை இல்லை.

மழைக்காலத்தில் புழல் ஏரி நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால் செய்தியில் ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்வார்கள்: நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம். எங்களூர் கடைசியில் வரும். எல்லா ஊர்த் தண்ணீரும் எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் அது தாண்டிப் போகாமல் வீட்டுக்குள் நின்றது. தகரப் பெட்டியின் அடி வரிசைத் தட்டுகள் மூழ்கின. அட்டைகளும் படங்களும் கூழாயின, தட்டுகள் பிழைத்தன. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா அவற்றைக் கழுவி, மொட்டை மாடியில் பழம்புடவையை விரித்து, வடகம் பிழிந்து வைத்ததைப்போல வரிசையாகப் பரப்பினாளாம். வேப்பமரத்து இலைகளின் அடியிலெல்லாம் வானவில் துண்டுகள் ஆடின என்று தம்பி சொன்னான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாராம். நான் பார்க்கவில்லை. நான் பார்க்காத அந்தக் காட்சிதான் எனக்கு அடிக்கடி வருகிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இந்தமுறை வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் கறுப்பாகப் பரவியது. எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கோடு விழுந்தது, இன்றும் போகவில்லை. தட்டுகள் அங்கே இருந்திருந்தால் இந்தமுறை பிழைத்திருக்காது என்றான் தம்பி. பிழைத்தவை என் பேஸ்மென்ட்டில், ஓராண்டாகப் பிரிக்காத மூட்டையில் கிடந்தன. அன்றைக்குத்தான் புடவை முடிச்சை அவிழ்த்தேன்.

பாட்டு இல்லாத நேரத்திலும் அப்பாவின் குழாயில் ஓர் உறுமல் இருக்கும். மின்சாரத்தின் உறுமல். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. கனடாவில் 60 முறை. 50-ஐ ஷட்ஜம் என்று வைத்தால் 60 சாதாரண காந்தாரம். இங்கே ஃபிரிட்ஜ், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், லிஃப்ட் அறை எல்லாம் அந்தக் காந்தாரத்தில்தான் முனகுகின்றன. வந்த புதிதில் தூக்கம் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்து, இந்த வீட்டில் எது சரியில்லை, எது சரியில்லை என்று தேடிய இரவுகள் எத்தனையோ, அலமாரியைத் திறந்து பார்த்து, ஜன்னலை இழுத்துப் பார்த்து, கடைசியில் சுருதிப் பெட்டி மாறிப்போன கச்சேரியில் பாட உட்கார்ந்தவள்போல வாயடைத்துப் படுத்துக்கொள்வேன். மணலியின் இரவு வானத்தில் தெரியும் அதே ஆரஞ்சுத் தீ எட்மன்டனுக்குக் கிழக்கேயும் தெரிகிறது. நான் வேலை செய்வதும் சுத்திகரிப்பு ஆலையில்தான். கண்ணுக்கு ஊர் கிடைத்துவிடுகிறது. காதுக்குக் கிடைக்கவில்லை.

இரவு பத்து மணிக்கு அப்பா ஆம்ப்ளிஃபையரை அணைப்பார். நாலு குழாயிலும் ‘டொப்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு, காலையிலிருந்து காணாமல் போயிருந்த ஊர் மெல்லத் திரும்பி வரும்: ஆற்றுப் பக்கத்துத் தவளை, கூழ்ப் பானை தேய்க்கும் கரகரப்பு, எங்கோ ஒரு குழந்தையின் சிணுங்கல், தொலைவில் கும்மிடிப்பூண்டி ரயில். ஆடி ஞாயிறுகளில் அங்கே இரவு பத்து ஆகும்போது இங்கே காலை பத்தரை. கைபேசியில் பாடிக்கொண்டிருப்பதை அந்த நேரத்துக்கு நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பாட்டு நிற்கிறது. ஊர் வருவதில்லை.

உங்களிடமும் ஏதோ ஒன்று இருக்கும். அப்பா கையெழுத்தில் பெயர் எழுதிய கேசட், மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த டேப், யாரும் திறக்காத ஒரு டப்பா. அதில் இருப்பதை என்றாவது ஒரு நாள் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஏற்றிவிடுங்கள், காத்திருக்காதீர்கள். ஏற்றிய பிறகு இரவு ஒரு மணிக்கு எதையோ தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் தேடியது அப்பாவின் குரலை. குழாயைக் கட்டி முடித்ததும் மைக்கில் இரண்டு ஊது ஊதிவிட்டு, “அலோ… அலோ… மைக் டெஸ்ட்… அலோ” என்பார். மூன்றாவது ‘அலோ’ மட்டும் கொஞ்சம் தாழ்ந்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதைப்போல வரும். ஊரே கேட்ட குரல். 412 தட்டில் ஒன்றில்கூட இல்லை. ஊருக்கெல்லாம் சத்தம் கொடுத்தவரை யாரும் பதிந்து வைக்கவில்லை. நானும்தான்.

எங்கள் பக்கம் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அப்பாவின் பாக்ஸும் மைக்கும் போகும். காசு கேட்கமாட்டார், கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அவர் போனது 2021 மே மாதம். ஊரடங்கு. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. மைக் இல்லை, பறை இல்லை, டோலக் இல்லை. தம்பி கைபேசியில் காட்டினான். படம் மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. பதற்றத்தில் மியூட்டில் வைத்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. நானும் அவனிடம் சொல்லவில்லை.

‘காரியம் ராத்திரி’ என்று எழுதிய ஒன்பது தட்டுகளைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். வேளை வராமல் அவற்றைப் போடக் கூடாது என்று அப்பா சொல்லித்தந்திருக்கிறார். அவை கானாத் தட்டுகள். 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் உலகநாதன் குரலில் கானா தமிழ்நாடு முழுக்கப் போனது. 2018-ல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியது. எங்கள் பக்கம் அது எப்போதும் சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது. இறந்தவரின் பெயரைச் சொல்லி, பிறந்த இடம், பார்த்த வேலை, பெற்ற பிள்ளை எல்லாம் கோத்து விடியவிடியப் பாடுவார்கள். பத்து மணியானதும் அப்பா குழாயை அணைத்துவிட்டு, ஒரே ஒரு பாக்ஸைப் பந்தலுக்குள் திருப்பித் தாழ்ந்த சத்தத்தில் வைப்பார். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒரு ஒயரை டேப்புக்குக் கொடுத்து அவர் பதிந்தவற்றைப் பிறகு பிரவுசிங் சென்டரில் சி.டி.யாக எழுதிக் கொடுத்தார்கள். கடையில் வாங்கும் சி.டி.யில் பாட்டு பள்ளமாகப் பதிந்திருக்கும். இப்படி எழுதும் சி.டி.யில் சாயத்தின் மேல் சூடு போட்ட தழும்பாகப் பதியும். சாயம் வெளுத்துக்கொண்டே வரும். ஒன்பதில் நான்கு வெளுத்துப் போய்விட்டன.

மே மாதம் அப்பாவின் திதி வந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பேஸ்மென்ட்டில் விளக்கைக் குறைத்துவிட்டு, மீதி ஐந்தில் ஒன்றை உள்ளே தள்ளினேன். வேளை சரியாக இருந்தது. இங்கே வந்த இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக. அறியப்படாதவர். டிராக் 07. டோலக் தொடங்குகிறது. பாடுகிறவரின் குரல் பெரிய கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப்போல எதிரொலித்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறுகிறது. இரண்டு அடி பாடிவிட்டு நிறுத்தி, மைக்கிலேயே சொல்கிறார்: “அண்ணே, எக்கோவ கொஞ்சம் கொற.”

பதில் இல்லை. டோலக் மட்டும் நடக்கிறது. பிறகு, அந்த எதிரொலி சுருங்க ஆரம்பிக்கிறது. சட்டென்று அல்ல. கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஒரு மயிரிழை கூடப் போய்விட்டதைத் திரும்ப ஒரு மயிரிழை ஏற்றி, குரல் வெறும் குரலாக, பக்கத்தில் உட்கார்ந்த ஆளாக வந்து நிற்கும்வரை.

“ஆங்… போதும்ணே” என்கிறார் பாட்டுக்காரர்.